திடீர் மரணமும் எஞ்சும் வினாக்களும்

கண்டி மாநகரிலே தலதா மாளிகைக்கு அருகில் சிறிது மேடேறிச் சென்றால் ஆங்கிலேயர் காலத்துப் படையினரின் பழைய இடுகாடு ஒன்றைக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கி 1870களில் மூடப்பெற்ற அவ்விடத்தில் ஏறத்தாழ இருநூறு பேர் அடக்கமாகியுள்ளனர். 1815ஆம் ஆண்டின் கண்டி உடன்படிக்கையில் முன்னின்ற சர் ஜோன் டொயிலி 1824இல் நோயுற்று இறந்து அங்கே துயில்கின்றார். அவரையன்றி வேறு சிலரும் உளர். 1856இல் காட்டு யானையாற் கொல்லப்பட்டார் ரொபர்ட்சன் என்பவர். 1861இல் தாம் குடியிருந்த வீடே இடிந்து மேல்விழ இறந்தார் பின்லே என்பவர். 1867இல் குதிரையினின்றும் இறங்குகையில் நிலத்தில் நட்டிருந்த முளை பாய்ந்து மாண்டார் மக்வூட் என்பவர். காலையில் உண்டு உடுத்துப் புறப்பட்டவர்கள் மாலையில் இல்லாதொழிந்தனர். செய்தி கப்பலேறிச் சென்று அவர்தம் உறவினரைச் சேர்வதற்குப் பல வாரங்கள் ஆகியிருக்கும். சேர்ந்தபோதும், இன்னது நிகழ்ந்தது என்ற அளவிலேனும் அவர்களுக்கு ஒரு விடை கிடைத்தது.

அதே காலத்தில் கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் கோப்பி பயிரிடுவதற்கெனத் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டுவழியே மாத்தளையை நோக்கிக் கால்நடையாக நடந்தனர். பேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலே வீழ்ந்தோர் பலர். அவர்களுக்குக் கல்லும் இல்லை. கல்லில் வெட்டிய பெயரும் இல்லை. திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலோ சேலத்திலோ வாயிற்படியிற் காத்திருந்த தாய்க்கு, மகன் இறந்தானா, பிழைத்துப் பொருளீட்டிக்கொண்டு தன்னை மறந்தானா என்பதுகூடத் தெரியவில்லை. மலையகத் தமிழரின் வரலாற்றைப் பேசுவோர் இறந்தோரின் தொகையைப் பற்றி நிறையப் பேசுவர். இந்தத் தாய்மாரைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

நெடுநாட் கிடந்து இறப்போரின் வீட்டில் துயரம் உண்டு. ஆயின் அங்கே துயரத்துக்கு முன்னரே கேள்விகள் பல கேட்கப்பட்டுத் தீர்ந்துவிடுகின்றன. திடீரென இறப்போரின் வீட்டிலோ துயரத்தோடு கேள்விகளும் ஒருங்கே வந்து நுழைகின்றன. கொலின் மரி பார்க்ஸ் என்ற ஆங்கில மருத்துவ அறிஞர் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், இளவயதிலே துணையை இழந்தவர்களைத் தம் துணைவர்களோடு நெடுங்காலம் ஆராய்ந்தார். முன்னறிவிப்பின்றித் துணையை இழந்தோர் மீண்டெழுவதற்குப் பெரிதும் இடர்ப்பட்டனர் என்று 1983இல் வெளியான நூலிற் காட்டினார். அவர்கள் இழப்பை நம்புவதற்கே நீண்ட காலம் வேண்டியிருந்தது.

இக்கேள்விகள் யாவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையல்ல. எப்படி நிகழ்ந்தது, எப்பொழுது நிகழ்ந்தது, எவரேனும் பொறுப்பாளரா என்பன ஓரினம். இவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு உலகில் எங்கோ விடை இருக்கிறது. ஏன் அவருக்கு, ஏன் இன்று, நான் அருகில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பன மற்றோரினம். முன்னதை உரிய இடத்தில் உரிய காலத்தில் கேளாமல் விட்டுவிட்டுப் பின்னதற்கு விடை தேடி அலைவதே பல குடும்பங்களில் நிகழும் அவலம்.

கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டைப் பகுதியில் முல்லோயா என்றொரு தேயிலைத் தோட்டம் உண்டு. 1940 ஜனவரியில் அங்கே சம்பள உயர்வு கோரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பொலிஸார் சுட்டதிற் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். தோட்டத் தொழிற்சங்க வரலாற்றில் அவர் முதல் தியாகி எனப் போற்றப்படுகின்றார். எளிய தோட்டத் தொழிலாளி ஒருவரின் சாவு, அக்காலத்தில், ஒருவரும் வினவாது மறைந்துபோயிருக்கக்கூடிய சாவு. அவ்வாறு மறைந்துவிடவில்லை. அரசு விசாரணை ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. கோவிந்தனின் மனைவியின் சார்பில் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா அவ்வாணைக்குழுவின் முன் தோன்றி வழக்காடினார். இந்நிகழ்ச்சியின் தொடர்பில் உள்நாட்டு அமைச்சருக்கும் பொலிஸ் மாஅதிபருக்குமிடையே பிணக்கு மூண்டு, தேசாதிபதி கல்டிகொட் தலையிட்டதும் அமைச்சர் சபையே பதவி துறக்கும் நிலை உண்டாயிற்று.

ஒரு லயத்து அறையிலிருந்து புறப்பட்ட கேள்வி கொழும்பின் அரசாங்கத்தையே அசைத்தது. இதில் அரசியல் இருந்தது என்பது மெய்யே. எனினும், யார் சுட்டார், எந்தச் சூழ்நிலையிற் சுட்டார், சுட வேண்டியிருந்ததா என்று ஒரு கைம்பெண்ணுக்காகச் சபையிலே கேட்கப்பட்டதைச் சிறிதென்று தள்ளிவிடல் ஆகாது. ஆணைக்குழுவின் ஏடுகளில் இடம்பெறாத வினாக்களும் அவ்வறையில் இருந்திருக்கும். பகலில் அவை கொழுந்துக் கூடையோடு மலையேறியிருக்கும். இரவில் அடுப்பங்கரைக்குத் திரும்பியிருக்கும். அவற்றை எந்த ஆணைக்குழுவும் விசாரிக்க இயலாது.

விசாரிக்கக்கூடிய வினாக்களுக்கு நாட்டின் சட்டம் ஒரு வழியை வகுத்திருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, ஒருவர் திடீரென இறந்தாலோ, விபத்திலோ விலங்கினாலோ இயந்திரத்தாலோ மாண்டாலோ, இறந்த காரணம் அறியப்படாதிருந்தாலோ, நீதவான் அல்லது திடீர் மரண விசாரணை அதிகாரி விசாரணை நடத்துதல் வேண்டும். அவ்விசாரணையில் உறவினரின் வாக்குமூலம் பெறப்படும். தேவையாயின் சட்ட வைத்திய அதிகாரி பிரேதப் பரிசோதனை செய்வார். கண்டி தேசிய வைத்தியசாலையின் பிணவறை வாயிலில் விடியற்காலையில் நிற்போர் பெரும்பாலும் இதற்காகவே நிற்கின்றனர். ஒருவர் கையிலே இறந்தவரின் அடையாள அட்டை. மற்றொருவர் கையிலே வெள்ளைத் துணி.

அந்த வேளையிலே குடும்பத்தார் செய்யும் முடிவுகள் பின்னாளில் நெடுந்தூரம் உடன்வருவன. உடலை அறுக்கலாகாது, விரைந்து வீட்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று மூத்தோர் வற்புறுத்துவர். அவ்வுணர்வு இயல்பானதே, மதக் கடமையும் அதிற் சேர்ந்திருக்கலாம். ஆயினும் அதிகாரி பணித்தால் பரிசோதனையைத் தவிர்க்க இயலாது. பணியாதவிடத்தும், ஐயம் இருப்பின் அதனை அன்றே அதிகாரியிடம் வாய்திறந்து கூறுதல் நன்று. உடல் எரிந்த பின் எழும் ஐயத்துக்கு எவரிடமும் விடை இராது. மருத்துவர் கூறிய காரணம் விளங்காவிடில், விளங்கும் மொழியிற் சொல்லுமாறு கேட்பதில் நாணம் வேண்டுவதில்லை. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய ஒரு சொல்லை அறியாமையாற் பல்லாண்டுகள் தவறாக எண்ணி வருந்திய குடும்பங்கள் மலைநாட்டில் உண்டு.

சிலவேளை அங்கும் விடை கிடைப்பதில்லை. உடலின் சில பகுதிகளை அரச பகுப்பாய்வாளருக்கு அனுப்பிவிட்டு, அறிக்கை வரும்வரை காரணத்தைத் தீர்மானிக்காது, 'திறந்த தீர்ப்பு' என்பதொன்றை வழங்குவர். அச்சொல் பல காதுகளிற் பயங்கரமாக ஒலிக்கிறது. எதையோ மறைக்கின்றார்கள் என்ற எண்ணத்தைத் தோற்றுவிக்கிறது. அதன் பொருளோ வேறு. கண்ட சான்றுகள் ஒரு முடிவுக்குப் போதா. ஆதலின் அரைகுறையாக ஒன்றை அடித்துச் சொல்லேன் என்று விசாரணையாளர் கூறுவதே அது.

இனி மற்றைய இனத்து வினாக்கள். முந்திய நாள் அவர் களைப்பாக இருக்கிறது என்றாரே. மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருக்கலாகாதா? பேராதனைச் சந்தியில் அந்த பஸ்ஸை விட்டு அடுத்ததில் ஏறியிருக்கலாகாதா? இவ்வாறு எண்ணாத மனம் இல்லை. இதிலே ஒரு மயக்கம் அடங்கியிருக்கிறது. மாரடைப்பு வந்த பின்னரே முந்திய நாளின் களைப்பு ஓர் அறிகுறியாயிற்று; வருமுன் அது நூறு களைப்புகளுள் ஒன்று. பின்னர்ப் பெற்ற அறிவை முன்னைய நாளுக்குக் கொண்டுபோய் வைத்து, அன்றே அதை அறிந்திருந்தும் வாளாவிருந்தேன் என்று மனம் தன்னைத் தானே குற்றஞ் சாட்டுகிறது. கிடைத்த தண்டனையைக்கொண்டு குற்றத்தைத் தீர்மானிக்கும் நீதிபதியை எவரும் ஏற்கமாட்டார்கள்; தம் வீட்டு நீதிமன்றத்தில் மட்டும் ஏற்றுக்கொள்கின்றனர்.

இவ்விடத்தில்தான் சோதிடரும் குறிசொல்வோரும் நுழைகின்றனர். யாரோ செய்வினை வைத்தனர் என்பார் ஒருவர்; மருமகள் வந்த வேளை என்பார் இன்னொருவர். இவை விடைகள் அல்ல. துயரத்தைப் பகையாக மாற்றும் சூழ்ச்சிகள். அன்புடன் துக்கம் விசாரிக்க வருவோரும், விதி முடிந்தது, நல்ல சாவு, இறைவன் திருவுளம் என்று எதையேனும் சொல்லிவிடவே விரைகின்றனர். கேட்டவர் விடை வேண்டிக் கேட்கவில்லை என்பதை உணர்வோர் அருமை.

பழைய ஒப்பாரி இதனை நன்கு உணர்ந்திருந்தது. ஒப்பாரியின் அமைப்பைக் கூர்ந்து நோக்கின், அது பெரும்பாலும் இறந்தவரை விளித்துக் கேட்கும் கேள்விகளாகவே நடக்கும். கட்டியழும் பெண்கள் ஒருவரும் அக்கேள்விகளுக்கு விடையிறுப்பதில்லை. உடன் அழுகின்றனர், மற்றொரு கேள்வியைச் சேர்க்கின்றனர். விடையில்லா வினாவை உரக்கக் கேட்பதற்கு ஓர் இடமும், உடன் கேட்பதற்குச் சிலரும் அங்கே கிடைத்தனர். இன்று கண்டி நகரின் வீடுகளில் ஒப்பாரி கேட்பது அரிது. நாகரிகம் என்று எண்ணி அதனைக் கைவிட்டவர்கள் அதன் இடத்தில் எதனையும் வைக்கவில்லை. எட்டும் கருமாதியும் ஒருவாறு நிலைத்திருக்கின்றன. அயலில் வாழும் சிங்களப் பௌத்தர் ஏழாம் நாளிலும் மூன்றாம் மாதத்திலும் ஆண்டு நிறைவிலும் பிக்குமாருக்குத் தானம் வழங்குவர். அயலார் தம் வேலையை விட்டு வந்து அமர்வதற்கு இந்நாட்கள் ஒரு காரணமாகின்றன. அவ்வாறு அமர்வதற்கும் ஆளில்லாதவர், 1926 என்னும் தேசிய மனநல உதவி எண்ணை அழைத்துப் பேசலாம். உயிரை வெறுக்கும் எண்ணம் தலைதூக்கினால் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது.

பிள்ளைகளின் நிலை வேறு. தந்தை திடீரென இறந்தால், வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. பிள்ளை நம்பிக்கொண்டு வாயிலையே நோக்கியிருக்கும். உண்மை பின்னர் வகுப்புத் தோழனின் வாயிலாக வெளிப்படும். அன்று தந்தையை மட்டுமன்றித் தாயின் சொல்லையும் பிள்ளை இழக்கிறது. இன்னொன்றும் உண்டு. சிறு பிள்ளைகள் தம் சினத்தாலோ குறும்பாலோ இது நேர்ந்தது என உள்ளுக்குள் எண்ணிக்கொள்வர், கேட்கமாட்டார்கள். கணக்குப் பாடத்தில் நன்கு தேர்ந்த சிறுவன் திடீரெனத் தடுமாறுவதும், எழுதுகோலைக் கையிற் பிடித்தபடி பலகணியை நோக்குவதும் அக்கேள்வியின் வடிவங்களே. உன்னால் நேரவில்லை என்று, அவன் கேளாமலே, ஒருமுறையன்று பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

எல்லாவற்றிலும் கொடியது, உடலே கிடைக்காத சாவு. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் பல பெயர்ந்து வீழ்ந்தன. நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உயிரிழப்பு மிகுந்த மாவட்டங்களுள் கண்டி முன்னின்றது. 100க்கும் மேற்பட்டோர் காணாமற்போனோர் பட்டியலில் எஞ்சினர். மண்ணுக்கு அடியிலே இருக்கின்றார் என்பதை அறிவு சொல்லும். கை தொட்டுப் பார்க்காததை மனம் ஏற்காது. போலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர், வியட்நாம் போரிற் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்து, இதனைத் தெளிவற்ற இழப்பு எனப் பெயரிட்டார். இழப்பு முடிந்தது என்று கருதுமாறு அவர்களை வற்புறுத்துதல் பயனற்றது. இருக்கிறார், இல்லை என்ற இரண்டையும் ஒருங்கே சுமந்துகொண்டு வாழக் கற்பதற்குத் துணைநிற்றலே தக்கது என்பது அவர் கொள்கை. போராலும் அரசியற் கலவரங்களாலும் காணாமற்போனோரின் குடும்பங்களுக்காக, மரணச் சான்றிதழுக்கு மாற்றாக, அவர் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழை வழங்க 2016இல் இலங்கை சட்டமியற்றியது. உயிருடன் இருத்தல், இறத்தல் என்ற இரண்டுக்குமிடையே மூன்றாவது நிலை ஒன்றைச் சட்டமே ஒப்புக்கொண்டது.

சைவ, வைதிகக் கிரியை நூல்களும் இந்நிலையை அறியாதவையல்ல. உடல் கிடைக்காதவிடத்துத் தருப்பைப் புல்லினால் ஓர் உருவம் அமைத்து, அதற்கு உரிய சடங்குகளைச் செய்து தீயிடலாம் என அவை விதிக்கின்றன. புல்லைக் கிழித்து, முடிந்து, தலையும் கைகாலும் அமைப்பதற்கு நேரம் பிடிக்கும். வீட்டார் சூழ அமர்ந்திருக்க, அவரைப் பற்றிய பேச்சு அப்பொழுது தானே எழுகின்றது.