டார்வினைத் தோற்கடிக்க ஒரு முயல் போதும்!

"குரங்கு மனிதனானதை யார் பார்த்தது?" ஆபீஸ் கேண்டீனில் அடிக்கடி கிளம்பும் வாதம் இது. குரங்குக்கும் மனிதனுக்கும் மூதாதை ஒன்று என்பதே 1871-ல் டார்வின் எழுதியது.

சரி, பரிணாமக் கொள்கையைப் பொய்யென்று காட்ட வழி உண்டா? உண்டு.

கேம்பிரியன் காலத்துக்கு முந்தைய பாறையில் ஒரு முயலின் எலும்பு கிடைத்தால் போதும் என்று ஜே.பி.எஸ். ஹால்டேன் சொன்னதாக விஞ்ஞானிகளிடையே ஒரு பேச்சு உண்டு. இங்கிலாந்தில் பிறந்த இவர், 1957-ல் கல்கத்தாவில் குடியேறி, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேசுவரத்தில் மறைந்தவர்.

அந்தப் பாறைகள் 54 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. பாலூட்டிகள் தோன்றியதோ சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். பேரன் பிறந்த பிறகு பாட்டன் பிறக்க முடியுமா?

வந்தது கண்டம்

டார்வின் காலத்திலேயே கொள்கைக்கு ஒரு கண்டம் வந்தது. பூமியின் வயது 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுக்குள்தான் என்று 1862-ல் கணக்குப் போட்டார் பௌதிக மேதை கெல்வின். மெல்ல மெல்ல நடக்கும் பரிணாமத்துக்கு அந்தக் காலம் போதாது. டார்வினே கலங்கினார்.

பின்னாளில் கதிரியக்கத்தைக் கொண்டு பாறைகளையும் விண்கற்களையும் அளந்தார்கள். பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டு! கெல்வின் கணக்குத்தான் தவறியது.

ஆக, "யார் பார்த்தது?" என்று கேட்பதால் கொள்கை விழாது. முயலைக் கொண்டுவந்தால் விழும். எத்தனையோ பேர் தோண்டிவிட்டார்கள். முயல்தான் இன்னும் அகப்படவில்லை.