அடியில் தங்காத துகள்கள்

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், பண்டார் பாரு மாவட்டத்தில் அமைந்துள்ள ஊர் செர்டாங். ரப்பர் மரமும் செம்பனையும் இவ்வட்டார மக்களுக்குப் பழக்கமானவை. மரம் சீவுவோர், மங்கில் வடியும் பாலை அது உறைவதற்குள் சேகரித்துவிட வேண்டும். உறைந்துவிட்டால் அது கட்டிப்பாலாகிவிடும். பாலாக விற்க இயலாது.

ரப்பர் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக அது நீரில் பரவியிருக்கிறது. துகள்களைச் சுற்றியுள்ள புரதப் படலம் எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால் அவை ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியே நிற்கின்றன. பாக்டீரியா உண்டாக்கும் அமிலம் இம்மின்னூட்டத்தைக் குறைத்தால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கவே பாலில் அமோனியா சேர்க்கப்படுகிறது.

துகள்களைச் சீராகப் பரவியிருக்கச் செய்யும் இதே சவால், துப்புரவுத் திரவத் தயாரிப்பிலும் உண்டு. சமையலறைக் கறையைத் தேய்த்து அகற்றும் வெண்ணிறத் திரவங்கள் பலவற்றில் கால்சியம் கார்பனேட் எனும் சுண்ணாம்புக்கல் தூள் உள்ளது. இதன் அடர்த்தி நீரைப்போல் 2.7 மடங்கு. எனவே, அது அடியில் படியவே முயலும். படிந்துவிட்டால், போத்தலை வாங்கியவருக்கு முதலில் வெறும் சோப்பு நீரும் இறுதியில் இறுகிய கட்டியுமே கிடைக்கும்.

இதற்குத் தீர்வு என்ன? துகளின் அளவைப் பாதியாக்கினால் அது மூழ்கும் வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்னும் அறிவியலறிஞர் 1851இல் வெளியிட்ட விதி இதனை விளக்குகிறது. திரவத்தைக் கெட்டியாக்கினாலும் வேகம் குறையும். ஆயினும், இவை படிவதைத் தாமதப்படுத்துமே தவிர முற்றாகத் தடுக்கா. மிகவும் கெட்டியான திரவமோ போத்தலிலிருந்து எளிதில் வெளிவராது.

ஆகவே, சாந்தன் பசை போன்ற பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. இவை திரவத்தினுள் மெல்லிய வலைபோன்ற அமைப்பை உருவாக்குகின்றன. போத்தல் அசையாதிருக்கும்போது அவ்வலை துகள்களின் எடையைத் தாங்குகிறது. போத்தலை அழுத்தினால் வலை தளர்ந்து திரவம் வழிகிறது. அழுத்தம் நீங்கியதும் மீண்டும் உருவாகிறது. மிளகாய் சோஸ் குலுக்கினால் இளகுவதும் இவ்வாறே.

தயாரிப்பு முறையிலும் கவனம் தேவை. பசைத்தூளை ஒரேயடியாகக் கொட்டினால் கட்டிகட்டியாகிவிடும். சுழலும் நீரில் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். சோப்புப் பொருளைச் சேர்த்தபின் மெதுவாகக் கலக்க வேண்டும். இல்லையேல் நுரை உண்டாகும். துகள்களைத் தாங்கும் வலை காற்றுக் குமிழிகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தயாரான திரவத்தின் மாதிரிகளைப் பல வாரங்கள் வெப்பமான இடத்தில் வைத்து, அடியில் தூள் படிகிறதா எனச் சோதிப்பர்.

துகள்களைப் பிரித்து வைப்பது மட்டுமன்று, தேவையானபோது ஒன்றுசேர்ப்பதும் பயனுடையதே. ரப்பர் ஷீட் செய்வோர் பாலில் ஃபார்மிக் அமிலத்தை ஊற்றி வேண்டுமென்றே உறைய வைக்கின்றனர். துகள்களின் இயல்பை அறிந்தவர்க்கே இவ்விரண்டும் கைகூடும்.