தண்ணீர் ஏற்றுமுன் இதயத்தைப் பார்த்த டாக்டர்

மழை பெய்த ஓரிரவு. பதினொரு மணியிருக்கும். லயத்துக் கோடி வீட்டுக்காரர் என் கதவைத் தட்டினார். "வாத்தியாரே, வீட்டுல மல்லாந்து படுக்க முடியல. மூச்சு வாங்குது. கொஞ்சம் காடியை எடுங்க" என்றார். அவர் மனைவி செம்பனைக்கு உரம் போடுபவர். சில வாரமாகவே கால் வீங்கியிருந்தது. "இளைப்புதான்" என்று நாங்கள் எல்லோருமே சொல்லிக் கொண்டிருந்தோம்.

மருத்துவமனை அவசரப் பிரிவில் கணவர் என்னிடம், "ஒரு போத்தல் தண்ணி ஏத்தச் சொல்லுங்க, தெம்பு வந்துடும்" என்றார். நம் மக்களுக்கு அதில் அப்படியொரு நம்பிக்கை! நானும் அதை மலாயில் டாக்டரிடம் சொன்னேன்.

அவர் இளையவர், இதய நிபுணர் அல்லர். "முதலில் இதயத்தைப் பார்த்துவிடுகிறேன்" என்று ஒரு சிறு ஸ்கேன் கருவியைக் கட்டிலருகே தள்ளி வந்தார். நெஞ்சில் பசையைத் தடவிக் கருவியின் முனையை வைத்தார். திரையில் இதயம் துடிப்பது தெரிந்தது!

அது எப்படி? நம் காது விநாடிக்குச் சுமார் 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். இக்கருவியோ 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட அதிர்வுள்ள ஒலியை உள்ளே அனுப்புகிறது. கிணற்றில் கூவினால் எதிரொலி வருவதுபோல், இதயத்தில் பட்டுத் திரும்பும் ஒலியே படமாகிறது. இடையில் காற்றிருந்தால் ஒலி உள்ளே போகாது; அதற்குத்தான் பசை. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. சுவீடனில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், உலோகத்தில் விரிசல் தேடும் கருவியைக் கொண்டு 1953இல் இதய அசைவைப் பதிவு செய்தனர். அதன் வழிவந்ததே இது.

நல்ல இதயத்தின் இடது கீழறை, தன்னில் நிறையும் இரத்தத்தை நூறு பங்காகக் கொண்டால், ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 55 முதல் 70 பங்கை வெளியே தள்ளும். பயிற்சி பெற்ற பொது மருத்துவர், தள்ளும் வலு நன்றாக உள்ளதா, குறைந்ததா, மிகக் குறைந்ததா என்று கண்ணாலேயே மதிப்பிடலாம். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

அந்த அம்மாவின் இதயம் மிகவும் சோர்ந்திருந்தது. தள்ள முடியாத நீர் நுரையீரலில் தேங்கியிருந்தது. நாங்கள் கேட்ட அந்தப் போத்தல் தண்ணீர் அவர் உயிருக்கே உலை வைத்திருக்கும்! டாக்டர் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, பிராணவாயு கொடுத்து, நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஊசி போட்டார். விடியும்போது மூச்சு சீரானது.

ஆனால் ஒன்று. இது அவசரப் பார்வைதான். வால்வுக் கோளாறு போன்றவற்றை நிபுணரின் முழுப் பரிசோதனையே தெளிவாகக் காட்டும். "அன்றைக்கே பார்த்தாச்சே" என்று நிபுணருக்குக் கொடுத்த கடிதத்தைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள்.

அந்த அம்மாவின் இரத்தக் கொதிப்பு மாத்திரை ஓராண்டாகவே அலமாரியில் கிடந்ததாம். தலைவலி இல்லையென்று நிறுத்திவிட்டாராம். உங்கள் வீட்டு அலமாரியையும் இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.