417 திரும்ப வந்தால்

கற்பிட்டியில் மீன் முதலாளி ஒருவரிடம் என் மருமகன் கணக்கு எழுதுகிறான். பகலில் கொப்பியில் எழுதியதை இரவில் கம்ப்யூட்டரில் அடித்து வைப்பான். படகுக்குப் படகு மொத்தம் எத்தனை கிலோ என்று பார்க்க, பைத்தானில் சின்னதாக ஒரு புரோகிராமும் எழுதியிருந்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

“கணக்குப் பிழையா வருது மாமா. ஏன் எண்டு விளங்குதில்ல.”

பிளேன்டியை ஊற்றிக் கொடுத்துவிட்டு ஃபைலைத் திறக்கச் சொன்னேன். முதல் மூன்று வரியை மட்டும் எடுத்து ஓட்டிப் பார்த்தோம். 417, சூரை, 32 கிலோ. 388, பாரை, 14. மறுபடி 417, கட்டா, 9. ஆக 55 கிலோ. புரோகிராம் 23 என்றது.

ஒரு வரியை வாசித்ததும், இது முந்தின வரியில் வந்த அதே படகா என்று அது பார்க்கும். அதே படகென்றால் கூட்டும். படகு மாறினால், கையிலிருக்கும் தொகையைப் பழைய படகின் பெயரில் எழுதிவிட்டுப் பூச்சியத்திலிருந்து தொடங்கும். ஒரு படகின் மீன் முழுக்க விற்றுத் தீர்ந்த பிறகுதான் அடுத்த படகு வரும் என்ற நம்பிக்கையில் எழுதியது. கரையில் அப்படியா நடக்கிறது? 417 சூரையைப் போட்டுவிட்டுக் கட்டாவை இறக்குமுன் 388 வந்து நின்றுவிட்டது. 417 திரும்ப வந்தபோது, 32 இருந்த இடத்தில் 9 ஏறிக்கொண்டது.

“அப்ப முதல்ல சோர்ட் பண்ணிட்டா சரிதானே?”

சரிதான். யுனிக்ஸில் யூனிக் என்றொரு கட்டளை இருக்கிறது. அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரி வரிகளை மட்டும்தான் அது ஒன்றாக்கும். பைத்தானின் ஐட்டர்டூல்ஸில் உள்ள குரூப்பையும் அப்படியே. அடுக்காத ஃபைலை அதற்குக் கொடுத்துவிட்டு அரை நாள் தலையைச் சொறிந்தவன் நான். இந்த வழியில் இன்னொரு குழியும் உண்டு: கடைசிப் படகுக்குப் பிறகு படகு மாறுவதில்லை, ஃபைல்தான் முடிகிறது. அங்கே கையிலிருப்பதை எழுத மறந்தால் கடைசிப் படகுக்காரருக்கு ஒன்றும் கிடைக்காது. அதை மட்டும் மருமகன் கவனித்திருந்தான்.

ஆனால் இங்கே அடுக்கத் தேவையே இல்லை. உடப்பில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். மடியை அவிழ்த்துக் கொட்டினால் நெத்தலி, சூடை, பாரை எல்லாம் கலந்து கிடக்கும். யாரும் மீன்களை வரிசையில் நிறுத்திவிட்டுப் பிரிப்பதில்லை. கையில் வந்ததை அதனதன் கூடையில் போடுவார்கள். அந்த மீனுக்கு இன்னும் கூடை இல்லையென்றால் ஒன்றை இழுத்து வைத்துக்கொள்வார்கள். பைத்தானின் டிக்‌ஷனரி அந்தக் கூடை வரிசைதான். 417க்குக் கூடை இருக்கிறதா? இல்லையென்றால் பூச்சியத்தோடு ஒன்றை வை. பிறகு, இருப்பதோடு கூட்டு. அந்தக் ‘கூட்டு’ என்ற இடத்தில் ‘வை’ என்று எழுதினால் பழையபடி 9தான்.

1977இல் பெல் ஆய்வகத்தில் ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிஹன் மூவரும் உருவாக்கிய ஆக் மொழியில் இது ஒரு வரி வேலை. இல்லாத கூடையைத் தொட்டாலே அது பூச்சியத்தோடு வந்து நிற்கும். பைத்தானில் அந்தச் சுகம் வேண்டுமென்றால் டிஃபால்ட்டிக்ட் இருக்கிறது.

“வருசக் கணக்கெல்லாம் போட்டா மெமரி நிரம்பாதா?”

வரிக்கு ஒரு கூடை இல்லையே, படகுக்கு ஒன்றுதானே. வரி லட்சமானாலும் படகு சில நூறுதான். ஃபோன்கூடத் தாங்கும்.

அரை மணி நேரத்தில் எழுதி முடித்தான். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. எது ‘அதே’ படகு? வாடியில் 417 என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மீன்பிடித் திணைக்களத்தின் பதிவு இலக்கத்தில் கடைசியில் மாவட்ட எழுத்து வரும். அதில் புத்தளம் ஒரு மாவட்டம், சிலாபம் வேறொரு மாவட்டம். புத்தளத்து 417ம் சிலாபத்து 417ம் ஒரே கரையில் ஏறினால், வாலை வெட்டிய இலக்கம் இரண்டு பேரின் மீனையும் ஒரே கூடையில் போட்டுவிடும்.

மீன் வாரியாகப் பிரித்தபோது இதன் மறுபக்கம் தெரிந்தது. ஒரே மீனுக்குப் பல கூடை. ஒரு நாள் அறுக்குளா என்று அடித்திருக்கிறான், சிங்களக்காரர் வந்து வாங்கிய நாளில் தோரா. தமிழ்நாட்டார் வஞ்சிரம் என்பதும் இதைத்தான். அதற்கு ஒரு பெயர்ப் பட்டியல் வைத்துச் சமாளிக்கலாம். கொடுவாதான் எங்களைப் படுத்தியது. இரண்டு கூடை, இரண்டிலும் ‘கொடுவா’, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தால், ஒன்றில் ‘கொ’வின் ஒகரக் குறி ஒரே குறியீடாக இருந்தது. மற்றதில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியே. ஒரு பகுதியை வேறொரு கீபோர்டில் அடித்திருந்தான். யூனிகோடு நார்மலைசேஷன் என்ற ஒரு வரியைச் சேர்த்ததும் இரண்டும் ஒன்றாகின. வரியின் முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் இடைவெளியையும் அங்கேயே வெட்டச் சொன்னேன்.

இரண்டாவது பிளேன்டி குடிக்கும்போது அவனே ஒன்றைக் காட்டினான். அதே நாள், அதே படகு, அதே பாரை, அதே 12 கிலோ, இரண்டு வரி.

“இது டூப்ளிகேட். அழிச்சிடவா மாமா?”

“அவசரப்படாத மகன். காலையில ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா வித்திருந்தா?”

“பக்கத்த ரெண்டு தடவ அடிச்சும் இருப்பன்.”

புரோகிராமுக்கு இரண்டும் ஒன்றுதான். அழித்தால் ஒரு படகுக்காரரின் காசு போகலாம், விட்டால் முதலாளியின் காசு. கொப்பியில் ஒவ்வொரு விற்பனைக்கும் துண்டு நம்பர் இருக்குமே, அது எங்கே என்று கேட்டேன். மூன்று மாதமாக அடிக்கவில்லையாம். தேவைப்படாது என்று நினைத்தானாம். கொப்பியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, படகு இலக்கத்துக்கு முன்னால் ஒரு புதுக் கட்டம் திறந்தான்.