மின்புலச் செறிவின் அலகு மாற்றம்: பெயர் மாற்றமும் நிபந்தனை மாற்றமும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டு (கி.பி. 921), குடவோலைக்கு உரியவர் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவராக இருத்தல் வேண்டும் என வரையறுப்பதாகப் பொருள்கொள்ளப்படுகிறது. வேலி ஒன்றுக்கு மா இருபது. ஆகவே கால்வேலி ஐந்து மா. இம்மாற்றத்திற்கு வேறெதுவும் தெரிய வேண்டுவதில்லை. ஆனால் அது எத்தனை ஏக்கர் எனக் கூற, நிலமளந்த கோலின் நீளம் தெரிதல் வேண்டும். சோழர் கல்வெட்டுகளில் பன்னிருசாண் கோலும் பதினாறுசாண் கோலும் பயில்வதால், கோலை அறியாது கூறும் ஏக்கர்க் கணக்கு ஊகமே. மின்புலச் செறிவின் அலகுகளிலும் இவ்விருவகை மாற்றங்கள் உள்ளன. பாடநூல்கள் பெரும்பாலும் முதல் வகையோடு நின்றுவிடுகின்றன.

நியூட்டன்/கூலூம், வோல்ட்/மீட்டர் ஆகிய இரண்டும் ஒன்றே. ஒரு வோல்ட் என்பது ஒரு ஜூல்/கூலூம்; ஒரு ஜூல் என்பது ஒரு நியூட்டன் மீட்டர். எனவே எண் மாறுவதில்லை, பெயரே மாறுகிறது. ஒரு வோல்ட்/சென்டிமீட்டர் 100 வோல்ட்/மீட்டர் ஆவதும் இவ்வகையினதே.

இவ்வட்டம் போன்ற ஊரகப் பகுதிகளில் வயலோரம் எழும் அலைபேசிக் கோபுரங்களைப் பற்றிய அளவீட்டைப் படிப்பவர்க்குத் தேவைப்படுவது இரண்டாம் வகை. அயனியாக்கா கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் 1998-இல் வகுத்த வரம்பு, 900 மெகாஹெர்ட்சில் 4.5 வாட்/சதுரமீட்டர்; மின்புலமாகக் கூறின் 41.25 வோல்ட்/மீட்டர். இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2012 செப்டம்பர் 1 முதல் இதனைப் பத்தில் ஒரு பங்காக்கி, 0.45 வாட்/சதுரமீட்டர் என்றது. மின்புல வரம்போ 4.1 ஆகவில்லை, ஏறத்தாழ 13 வோல்ட்/மீட்டர் ஆயிற்று. இதனை அச்சுப்பிழை என்றோ ஏமாற்று என்றோ கருதுதல் தவறு. திறன் அடர்த்தி, மின்புலத்தின் வர்க்கத்தை வெற்றிடத்தின் அலை எதிர்ப்பான 377 ஓமால் வகுக்கக் கிடைப்பது. 13-இன் வர்க்கம் 169. அதனை 377-ஆல் வகுத்தால் 0.45. திறன் பத்தில் ஒன்றாகும்போது புலம் பத்தின் வர்க்கமூலத்தால், அதாவது 3.16-ஆல் மட்டுமே குறைகிறது.

கூட்டலிலும் இவ்விதியே. ஒரே கோபுரத்தில் வெவ்வேறு அதிர்வெண்களில் இயங்கும் இரு நிறுவனங்களின் புலங்கள் தனித்தனியே 3, 4 வோல்ட்/மீட்டர் எனில், மொத்தம் 7 அன்று, 5. (வரம்போடு ஒப்பிடும்போது ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் உரிய வரம்பைத் தனியே கொள்ளல் வேண்டும்.)

டெசிபல் கணக்கில் தடுமாற்றம் மிகுதி. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஊரகப் பகுதியில் பண்பலை வானொலியின் ஸ்டீரியோ ஒலிபரப்பிற்குப் பரிந்துரைக்கும் குறைந்தபட்சப் புலம், ஒரு மைக்ரோவோல்ட்/மீட்டரை அடிப்படையாகக் கொண்டு 54 டெசிபல். புலத்திற்கு மடக்கையை 20-ஆல் பெருக்குவதே முறை. அவ்வழி இது ஏறத்தாழ 500 மைக்ரோவோல்ட்/மீட்டர். திறனுக்குரிய 10-ஐக் கொண்டால் 2,51,000 மைக்ரோவோல்ட்/மீட்டர் எனப் பிழைபட்ட விடை வரும்.

377 என்னும் எண்ணும் எங்கும் செல்லாது. அலைமூலத்திலிருந்து அலைநீளத்தை நோக்கப் போதிய தொலைவில் மட்டுமே அது பொருந்தும். 900 மெகாஹெர்ட்சின் அலைநீளம் 33 சென்டிமீட்டர். கோபுரத்தை விட்டு நெடுந்தொலைவில் நிற்பவர்க்கு நிபந்தனை நிறைவேறிவிடும். வயலின் மேல் செல்லும் உயரழுத்த மின்கம்பியின் 50 ஹெர்ட்சுக்கோ அலைநீளம் 6,000 கிலோமீட்டர்! அங்கு 5 கிலோவோல்ட்/மீட்டரை வாய்பாட்டில் இட்டால் 66,000 வாட்/சதுரமீட்டருக்கு மேல் வரும். அது நண்பகல் வெயிலைப்போல் அறுபது மடங்கிற்கும் மேல். அத்தகைய ஆற்றல் எதுவும் அங்குப் பாய்வதில்லை. கம்பிக்கு அருகில் மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று நிர்ணயிப்பதில்லை. ஆகவேதான் மேற்கூறிய ஆணையத்தின் 2010 வழிகாட்டுதல், பொதுமக்களுக்கான வரம்பை மின்புலத்திற்கு 5 கிலோவோல்ட்/மீட்டர் என்றும் காந்தப்புலத்திற்கு 200 மைக்ரோடெஸ்லா என்றும் தனித்தனியே தருகிறது.