பட்டியலில் பெயர் தேடும் தொண்டர்கள்

ஊருக்கெல்லாம் ஓட்டுக் கேட்பவருக்குக் கட்சிக்குள் ஓட்டு உண்டா? ‘டெலிகேட்’ பதவியின் மவுசும் மர்மமும்

2022 அக்டோபர் 17. கர்நாடகத்தில் பல்லாரிக்குப் பக்கத்தில் உள்ள சங்கனகல்லு என்ற ஊரில் பாரத ஒற்றுமை யாத்திரைக்கு அன்று ஓய்வு நாள். முகாமில் நின்ற கன்டெய்னர்களில் ஒன்று வாக்குச்சாவடியாக மாறியிருந்தது. ராகுல் காந்தியும் அவரோடு நடந்துகொண்டிருந்த சுமார் 40 பேரும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். 22 ஆண்டுகளுக்குப் பிறகு காங்கிரஸ் தலைவர் பதவிக்குப் போட்டி. நாடு முழுவதும் அன்று ஓட்டுப் போடத் தகுதி பெற்றவர்கள் 9,900 சொச்சம் பேர். அந்த ஆண்டு டிஜிட்டல் முறையில் மட்டும் 2.6 கோடி உறுப்பினர்கள் சேர்ந்ததாகக் கட்சி சொன்னது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 2,600 உறுப்பினர்களுக்கு ஓர் ஓட்டு.

அந்த ஓர் ஓட்டுக்கு உரியவர்தான் பிரதிநிதி. கட்சிக்காரர்கள் வாயில் ‘டெலிகேட்’. சம்பளம் இல்லை, கார் இல்லை, அலுவலகத்தில் நாற்காலிகூட இல்லை. இருந்தும் அந்த அட்டைக்காகக் கோஷ்டித் தலைவர்களின் வீட்டு வாசலில் தவம் கிடப்பவர்கள் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறார்கள். வட்டாரத்துக்கு ஒருவர் என்பதால் அது கௌரவம். சட்டமன்ற சீட் கேட்டு மனுப் போடும்போது அதில் எழுதிக்கொள்ள ஒரு தகுதி. எல்லாவற்றையும்விட, இத்தனை ஆண்டு உழைத்ததற்குக் கட்சி கொடுத்த ரசீது.

உழைப்பு என்பது வெறும் பேச்சில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் நாட்டில் ஏறக்குறைய பத்தரை லட்சம் வாக்குச்சாவடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வேட்பாளர் ஒரு முகவரையும் இரண்டு மாற்று முகவர்களையும் நியமித்துக்கொள்ளலாம். சாவடிக்குள் உட்கார மட்டும் ஒரு தேசியக் கட்சிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் ஆள் வேண்டும். ஓட்டுப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி ஓட்டுப்பதிவு. ஏழு மணிக்கு ஓட்டுப்பதிவு என்றால் ஐந்தரைக்கே முகவர் அங்கே இருக்க வேண்டும். குறைந்தது 50 மாதிரி ஓட்டுகள் போட்டு, எண்ணி, அழித்த பிறகுதான் எந்திரத்துக்கு சீல். மாலையில் பதிவான ஓட்டுக் கணக்கு எழுதிய 17சி படிவத்தின் நகலை வாங்கும்வரை அவர் நகர முடியாது. வாக்காளர் பட்டியலில் யார் செத்தார், யார் வீடு மாறினார், எந்த மருமகள் புதிதாக வந்தாள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பா.ஜ.க. இந்த வேலையை இன்னும் நுணுக்கிப் பட்டியலின் ஒரு பக்கத்துக்கு ஓர் ஆள் என்று பிரித்து, அவருக்கு ‘பன்னா பிரமுக்’ என்று பட்டமும் கொடுத்திருக்கிறது. பன்னா என்றால் பக்கம். முப்பது வாக்காளர்களுக்கு ஒரு பொறுப்பாளர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு வேலை வாங்கும் கட்சி, தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது இதே ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கிறதா என்பதுதான் விஷயம்.

காங்கிரஸின் விதிப் புத்தகத்தைப் புரட்டினால் கேட்கிறது என்றே தோன்றும். ஒவ்வொரு வட்டாரக் கமிட்டியும் ரகசிய ஓட்டெடுப்பில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து மாநிலக் கமிட்டிக்கு அனுப்ப வேண்டும். மாவட்டத் தலைவர்கள், முன்னாள் மாநிலத் தலைவர்கள், சட்டமன்றக் கட்சி அனுப்பும் சிலர், நியமனமாகச் சேர்க்கப்படும் சிலர் ஆகியோரும் அதில் உண்டு. மாநிலக் கமிட்டி உறுப்பினர் எல்லோரும் அகில இந்தியத் தலைவர் தேர்தலில் பிரதிநிதிகள். அவர்களே மாநிலத் தலைவரையும், அகில இந்தியக் கமிட்டிக்குத் தங்கள் மாநிலத்தின் உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்துப் பிரதிநிதிகள் முன்மொழிந்தால் எந்தப் பிரதிநிதியும் தேசியத் தலைவர் பதவிக்கே மனுத் தாக்கல் செய்யலாம். படிக்கப் பிரமாதமாக இருக்கும்.

நடைமுறையில் வட்டார அளவில் ஓட்டுப் பெட்டி வருவது அபூர்வம். மேலிடத்திலிருந்து தேர்தல் அதிகாரி ஒருவர் வருவார். மாவட்டத்தின் இரண்டு மூன்று கோஷ்டிகளும் ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். ‘ஒருமித்த கருத்து’ என்ற பெயரில் பங்கு பிரியும். முப்பது வருஷம் பசை வாளி தூக்கியவர் எந்தக் கோஷ்டியிலும் இல்லை என்றால் எந்தப் பட்டியலிலும் இல்லை. தலைவருக்கு வேண்டிய ஒப்பந்தக்காரர் பெயர் இருக்கும். அவர் அந்த வட்டாரத்தில் ஓட்டுக் கேட்டு ஒரு தெருவிலும் நடந்திருக்க வேண்டும் என்று விதி ஏதும் இல்லை.

யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கலாம் என்றால் அதற்கும் 2022இல் ஒரு போராட்டம் தேவைப்பட்டது. சசி தரூர், மனீஷ் திவாரி, கார்த்தி சிதம்பரம், பிரத்யுத் போர்தோலோய், அப்துல் காலிக் ஆகிய ஐந்து எம்.பி.க்கள் அந்த ஆண்டு செப்டம்பரில், பிரதிநிதிகள் பட்டியலைத் தர வேண்டும் என்று கட்சியின் மத்தியத் தேர்தல் குழுத் தலைவர் மதுசூதன் மிஸ்திரிக்கு எழுதினார்கள். கிளப் தேர்தலில்கூட இப்படி நடப்பதில்லை என்று திவாரி வெளிப்படையாகவே சாடினார். மாநில அலுவலகங்களுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது மிஸ்திரி தரப்பின் முதல் பதில். பிறகு வேட்பாளர்களுக்குப் பட்டியல் கிடைத்தது. அதிலும் 3,000 பேருக்கு மேல் தொலைபேசி எண் இல்லை என்றார் தரூர். எண் இல்லாத பிரதிநிதியிடம் ஓட்டுக் கேட்பது எப்படி? இந்தத் தடவை பிரதிநிதிகளுக்குக் க்யூஆர் குறியீடு போட்ட புகைப்பட அட்டை கொடுக்கப்பட்டது மட்டும் புதுமை.

மனுத் தாக்கலின் கடைசி நாளில் ஜார்க்கண்டின் முன்னாள் அமைச்சர் கே.என். திரிபாதியும் களத்தில் குதித்தார். முன்மொழிந்தவர்களில் ஒருவருடைய கையெழுத்து ஒத்துப்போகவில்லை, இன்னொருவருடையது இரண்டு முறை இருந்தது என்று மறுநாள் அவருடைய மனு தள்ளுபடியானது. கட்சியின் 9,900 பிரதிநிதிகளில் பத்துப் பேரைத் திரட்டுவது முன்னாள் அமைச்சருக்கே இவ்வளவு பாடு.

பிரச்சாரம் வேடிக்கையாகவே நடந்தது. மல்லிகார்ஜுன கார்கே போகுமிடமெல்லாம் மாநிலத் தலைவர்கள் மாலையோடு நின்றார்கள். தான் போனால் அவர்கள் ஊரிலேயே இருப்பதில்லை என்று தரூர் குறைபட்டுக்கொண்டார். சென்னை சத்தியமூர்த்தி பவனுக்கு அவர் வந்தபோது, தமிழகத்தின் 700க்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் பத்துப் பன்னிரண்டு பேரே எட்டிப் பார்த்ததாகப் பத்திரிகைகள் எழுதின. வராதவர்கள் எல்லோரும் தரூரின் எதிரிகள் என்று சொல்ல முடியாது. மண்டபத்தில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்ற கணக்கு சாயங்காலத்துக்குள் மாவட்டத் தலைவர் காதுக்குப் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பயத்துக்கு மிஸ்திரி ஒரு மருந்து வைத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா மாநிலங்களின் ஓட்டுச் சீட்டுகளையும் டில்லியில் ஒன்றாகக் கொட்டிக் கலந்த பிறகே எண்ணினார்கள். எந்த மாநிலம் யாருக்குப் போட்டது என்று கண்டுபிடிக்க வழியில்லை. பிடித்த வேட்பாளருக்கு நேரே ‘1’ என்று எழுத வேண்டும் என்றிருந்த ஏற்பாடும், சீட்டில் முதல் பெயரே கார்கேயுடையதாக இருப்பதால் குழப்பம் வரும் என்று தரூர் அணி ஆட்சேபித்ததும், டிக் குறியாக மாறியது. அக்டோபர் 19இல் முடிவு: கார்கே 7,897, தரூர் 1,072, செல்லாதவை 416. மண்டபத்துக்கு வரப் பயந்தவர்களில் பலர் மறைவிடத்தில் டிக் அடித்திருக்கிறார்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது. ஆயிரம் ஓட்டு சாதாரணமல்ல. 2000ஆம் ஆண்டில் சோனியா காந்தியை எதிர்த்த ஜிதேந்திர பிரசாதாவுக்குக் கிடைத்தவை 94, சோனியாவுக்கு 7,448. அதற்கு முன் 1997இல் சீதாராம் கேசரி 6,224 பெற, சரத் பவாருக்கு 882, ராஜேஷ் பைலட்டுக்கு 354.

இந்த எண்ணிக்கைகளுக்குப் பின்னால் இன்னொரு சங்கதி மறைந்துபோனது. ஓட்டுப்பதிவுக்கு ஒரு மாதம் முன்பே மாநிலக் கமிட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடி, ஒரு வரித் தீர்மானம் போட்டன. மாநிலத் தலைவரையும் அகில இந்தியக் கமிட்டி உறுப்பினர்களையும் நியமிக்கும் அதிகாரத்தை வரப்போகும் தலைவருக்கே அளிக்கிறோம் என்பது அதன் சாரம். பிரதிநிதிக்கு விதி கொடுத்த மூன்று உரிமைகளில் இரண்டை அவரே கைதூக்கிக் கொடுத்துவிட்டார். கை தூக்காதவர் அடுத்த பட்டியலில் இருப்பாரா என்பது வேறு கேள்வி.

இதெல்லாம் எப்போதும் இப்படித்தான் என்பதும் சரியில்லை. 1920 நாகபுரி மாநாட்டில் காந்தி வகுத்த விதிகளால்தான் காங்கிரஸ் கிராமம்வரை கிளை விட்டது. நாலணா கொடுத்தவர் உறுப்பினர். ஐம்பதாயிரம் ஜனத்தொகைக்கு ஒரு பிரதிநிதி. அந்த முறை பழுத்து வந்தபோது காந்தியின் விருப்பத்தையே அது தோற்கடித்தது. 1939 ஜனவரியில் சுபாஷ் சந்திர போஸுக்கு 1,580 ஓட்டுகள், காந்தி ஆதரித்த பட்டாபி சீதாராமையாவுக்கு 1,377. இரண்டு மாதத்துக்குள் திரிபுரி மாநாட்டில், காந்தியின் விருப்பப்படியே செயற்குழுவை அமைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டு போஸின் கையைக் கட்டினார்கள். ஏப்ரலில் அவர் ராஜினாமா செய்தார். தேர்ந்தெடுப்பது ஒன்று, தேர்ந்தெடுத்தவரை ஆளவிடுவது ஒன்று. 1950இல் புருஷோத்தம் தாஸ் தாண்டன் ஆச்சாரிய கிருபளானியை 1,306க்கு 1,092 என்று வென்றார். மறு ஆண்டே நேருவுக்கு வழிவிட்டு விலகினார்.

பிறகு இந்திரா காலம். 1972க்குப் பின் இருபது ஆண்டுகள் உட்கட்சித் தேர்தலே இல்லை. நரசிம்ம ராவ் 1992இல் திருப்பதி மாநாட்டில் காரியக் கமிட்டிக்குத் தேர்தல் வைத்தபோது பிரதிநிதிகளுக்கே ஆச்சரியம். அர்ஜுன் சிங் முதலிடத்தில் வந்தார். ஜெயித்தவர்களில் தலித்தோ பெண்ணோ ஒருவர்கூட இல்லை என்று காரணம் சொல்லி, எல்லோரையும் ராஜினாமா செய்யவைத்து, பட்டியலை ராவ் மாற்றி அமைத்தார். காரணம் நியாயமானது. ஆனால் அர்ஜுன் சிங்கின் முதலிடம் அதோடு பறிபோனது என்பதும் உண்மை.

பொதுஜனத்தை உள்ளே விடும் முயற்சிகளும் நடந்தன. ராகுல் காந்தி முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோவின் அமைப்பைக் கொண்டு இளைஞர் காங்கிரஸில் தேர்தல் நடத்தவைத்தார். யார் வேண்டுமானாலும் உறுப்பினராகி வட்டாரத்திலிருந்து மேலே போட்டியிட்டு வரலாம். கோஷ்டி இல்லாத சில இளைஞர்கள் வந்தார்கள். ஆனால் உறுப்பினர்களைச் சேர்க்கச் சேர்க்க ஓட்டு என்ற நிலையில், மொத்தமாகச் சேர்க்கப் பணமும் ஆளும் உள்ள தலைவர்களின் வாரிசுகளுக்கே அது ஏணியானது. 2014இல் சில மக்களவைத் தொகுதிகளில் அமெரிக்க பாணியில் தொண்டர்களே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சை நடந்தது. வடோதராவில் நரேந்திர ராவத் என்ற உள்ளூர்க்காரர் ஜெயித்தார். நரேந்திர மோடி அங்கே நிற்கிறார் என்றதும் ராவத் ஒதுங்கிக்கொள்ள, மேலிடம் நிறுத்திய வேட்பாளர் 5,70,128 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். அந்த வேட்பாளரின் பெயர் மதுசூதன் மிஸ்திரி.

மற்றக் கட்சிகளைப் பார்த்துக் காங்கிரஸ் தொண்டர் பொறாமைப்பட அதிகம் இல்லை. பா.ஜ.க.வில் தேசியத் தலைவர் பதவிக்கு ஓட்டுப்பதிவு வரை போனதே கிடையாது. 2013 ஜனவரியில் நிதின் கட்கரிக்கு இரண்டாவது முறை தர இருந்தபோது யஷ்வந்த் சின்ஹா மனுப் படிவம் வாங்கினார். அடுத்த நாள் கட்கரி இல்லை, ராஜ்நாத் சிங் போட்டியின்றித் தலைவர். படிவம் வாங்கியதே போட்டிக்குச் சமமாகிவிட்டது. மார்க்சிஸ்ட் கட்சியில் கிளையிலிருந்து மாநிலம்வரை மாநாடு மாநாடாகப் பிரதிநிதிகள் தேர்வாகி அகில இந்திய மாநாட்டுக்கு வருகிறார்கள். கால அட்டவணை பெரும்பாலும் தப்புவதில்லை. ஆனால் மத்தியக் குழுவுக்குத் தலைமை வைக்கும் பட்டியலே வழக்கமாக நிறைவேறும். 2025 ஏப்ரலில் மதுரை மாநாட்டில் அதை மீறி மகாராஷ்டிரத் தொழிற்சங்கத் தலைவர் டி.எல். கராட் போட்டியிட்டார். கிடைத்தவை 31 ஓட்டுகள். கட்சி மாநாட்டில் ஓட்டுப் பெட்டி திறக்கப்பட்டதே செய்தியானது.

சட்டம் இதில் தலையிடுவதில்லை. 1989இல் நடைமுறைக்கு வந்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவுப்படி கட்சிகள் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்கின்றன. உட்கட்சித் தேர்தல் எங்கே என்று ஆணையமும் அவ்வப்போது கேட்கிறது. ஆனால் சில விதிவிலக்குகள் தவிர, பதிவை ரத்து செய்யும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓட்டுச்சாவடியில் ஒரு கையெழுத்து தவறினால் கேள்வி கேட்கும் சட்டம், கட்சி அலுவலகத்துப் பட்டியலைக் கேட்க முடியாது.

கார்கே வந்த பிறகும் பழைய பாதைதான். 2023 பிப்ரவரி 24 அன்று ராய்ப்பூரில் கூடிய வழிகாட்டும் குழு, காரியக் கமிட்டிக்குத் தேர்தல் வேண்டாம், தலைவரே நியமிக்கட்டும் என்று முடிவெடுத்தது. ஆறு மாதம் கழித்து வெளியான நியமனப் பட்டியலில் தரூர் பெயரும் இருந்தது. 2025இல் மாவட்டத் தலைவர்களைத் தேர்வு செய்யப் பார்வையாளர்களை ஊர் ஊராக அனுப்பித் தொண்டர்களின் கருத்தைக் கேட்கும் ஏற்பாடு குஜராத்தில் தொடங்கியது. ஓட்டெடுப்பு இல்லை, கேட்டு எழுதிக்கொண்டு போய் டில்லியில் முடிவு செய்வார்கள். எழுதிக்கொண்டு போனதில் தன் பெயர் எத்தனாவது இடத்தில் இருந்தது என்று தொண்டருக்குத் தெரியப்போவதில்லை.

காங்கிரஸ் தலைவரின் பதவிக்காலம் ஐந்தாண்டு. அந்தக் கணக்கில் அடுத்த தேர்தல் 2027 அக்டோபரில் வர வேண்டும். அதற்கு முன்னால் மறுபடியும் பிரதிநிதிகள் பட்டியல் தயாராக வேண்டும். 2022இல் அட்டை கிடைக்காதவர்கள் மறுபடியும் மாவட்ட அலுவலகப் படியேற வேண்டும்.