மயங்கொலிகளும் மழலை மாணவரும்

ஆங்கிலம் கற்கும் சிறுவனுக்கு 'சன்' என்ற ஒலி ஒரு புதிர். ஞாயிற்றைக் குறிக்கும்போது நடுவில் ஓர் எழுத்து, மகனைக் குறிக்கும்போது வேறோர் எழுத்து, ஒலியோ ஒன்றே. காது காட்டிக் கொடுக்காத வேறுபாட்டை அவன் மனப்பாடம் செய்தே தீர வேண்டும். நம் தாய்மொழியிலும் இதற்கு நெருங்கிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. 'இரந்தான்' என்றால் பிச்சை கேட்டான். 'இறந்தான்' என்றால் உயிர் நீத்தான். 'பணி' என்பது வேலை. 'பனி' என்பது மார்கழியில் பெய்வது. இவற்றை மயங்கொலிச் சொற்கள் என்கிறோம்.

இச்சொற்களைப் பிழைபட எழுதும் பிள்ளையை 'நாக்குத் தடித்தவன்' என்று ஏசுவதும், நூறு முறை இம்போசிஷன் எழுதச் சொல்வதும் எளிது. ஆனால் குறை பிள்ளையிடமா இருக்கிறது? தென்மாவட்டங்களில் 'பழம்' பலர் வாயில் 'பளம்' ஆகிறது. சென்னையில் 'பயம்' ஆவதும் உண்டு. ரகர றகர வேறுபாடோ தமிழகத்தின் பெரும்பகுதியில் பேச்சு வழக்கிலிருந்து மறைந்தே விட்டது. வீட்டிலும் தெருவிலும் கேளாத ஒலியைப் பிள்ளை எழுத்தில் எவ்வாறு காட்டும்?

எனவே முதற்படி, ஒலிக்கக் கற்பித்தல். எழுத்துகள் பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்னும் தனி இயலில் கூறினார், நன்னூலாரும் விளக்கினார். நகரத்துக்கு நா மேற்பல்லின் அடியைத் தொடும். னகரத்துக்கு நுனிநா சற்று மேலே ஒற்றும். ணகரத்துக்கு நுனிநா வளைந்து அண்ணத்தைத் தொடும். ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்தால் பிள்ளை இதை விளையாட்டாகவே கற்றுக்கொள்ளும்.

இரண்டாம் படி, எழுத்துகளின் இணையைக் காட்டுதல். மெய்யெழுத்து வரிசையைச் சொல்லிப் பாருங்கள். டகரத்தை அடுத்து ணகரம், தகரத்தை அடுத்து நகரம், றகரத்தை அடுத்து னகரம். அதனால்தான் வண்டு, பந்து, கன்று என எழுதுகிறோம். டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பெயர்களிலேயே இவ்விதி அடங்கியிருக்கிறது. 'மூன்று சுழி, இரண்டு சுழி' என்று சொல்லிக் கொடுத்தால் வடிவம் மட்டுமே தெரியும். இப்பெயர்களைச் சொன்னால் காரணமும் தெரியும்.

மூன்றாம் படியே தலையாயது. அது சொல்லின் சுற்றத்தைக் காட்டுதல். லகரமா, ளகரமா, ழகரமா என்று வினைச்சொல்லில் ஐயம் வந்தால், அதை இறந்த காலத்தில் சொல்லச் செய்யுங்கள். சொல் – சொன்னான், கொல் – கொன்றான், கல் – கற்றான்: லகரம் னகர றகரமாகத் திரிகிறது. கேள் – கேட்டான், கொள் – கொண்டான், ஆள் – ஆண்டான்: ளகரம் டகர ணகரமாகத் திரிகிறது. வாழ் – வாழ்ந்தான், சூழ் – சூழ்ந்தான்: ழகரம் திரியாமல் நிற்கிறது. 'கொண்டான்' என்று பிழையின்றிச் சொல்லும் பிள்ளைக்குக் 'கொள்' என்பதில் எந்த எழுத்து என்பதற்கான விடை தன் வாயிலேயே இருக்கிறது! பெயர்ச்சொல்லிலும் இவ்வாறே. பின் + பகல் பிற்பகல் ஆகிறது. மண் + குடம் மட்குடம் ஆகிறது.

எல்லாச் சொற்களுக்கும் இவ்வழி உதவாது என்பது உண்மை. ஒலி, ஒளி, ஒழி போன்றவற்றை வாக்கியத்தில் வைத்தே பழக்க வேண்டும். 'பணி முடிந்து பனியில் நடந்தார்', 'குன்றிலிருந்து இறங்கியவர் ஏழைக்கு இரங்கினார்' என்பன போன்ற வாக்கியங்களைப் பிள்ளைகளே அமைக்கட்டும். ஒரு நாளைக்கு ஓர் இணை போதும். பத்து இணைகளை ஒரே மூச்சில் புகட்டினால் தெளிவுக்குப் பதில் மயக்கமே மிஞ்சும்.

நண்பர்களே! நம்மிற் பலர் நாளை ஆசிரியர் பணிக்குச் செல்லவிருப்பவர்கள். நம் வகுப்பில் அமரப்போகும் பிள்ளைகளில் வீட்டில் முதன்முதலாக எழுதுகோல் பிடிப்பவரும் இருப்பர். சிவப்பு மையால் சுழிக்கப்பட்ட ஏடு அவர்களுக்குச் சொல்லும் செய்தி, 'உனக்குத் தமிழ் வராது' என்பதே. தாய்மொழியே தனக்கு வராது என்று நம்பிவிட்ட பிள்ளை வேறு எதைத் துணிந்து கற்கும்? சுழிப்பதோடு நில்லாமல், அச்சொல்லின் சுற்றத்தையும் பக்கத்தில் எழுதிக் காட்டுவோம். பிழை தானே விலகும்; பிள்ளையும் தமிழை விட்டு விலகாது.